அருளிக்கத்தின் பின்பக்கம்

மகனே, நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. சிவப்பு அரக்குக் கட்டி, பட்டு நூல்கண்டு, திருச்சியில் ஆசாரியிடம் சொல்லி வெட்டி வாங்கிய பித்தளை முத்திரை, மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. முத்திரையை நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார். அதிலுள்ள பிஷப் தொப்பியும் குஞ்சமும் ஒரு மேற்றிராணியாருடையவை போலவே இருக்கின்றன. "பழையபடி நூலைக் குறுக்கே கட்டி, அரக்கை உருக்கி விட்டு, இதை வைத்து அழுத்திவிடுங்கள் அம்மா, யாருக்குத் தெரியப் போகிறது" என்று எழுதியிருக்கிறாய். நான் அதைச் செய்யப் போவதில்லை. நீ அவசரக்காரன், கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை நிதானமாக வாசி. வாசித்தபின் ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஆரோக்கியம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தால் அவளும் வாசிக்கட்டும், உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களும் வாசிக்கட்டும். அலமாரியில் இருக்கும் அருளிக்கங்கள், அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களின் எலும்புத் துணுக்குகள், எல்லாம் நாளைக்கு உங்கள் பொறுப்புக்கு வருபவை. அவை எப்படி வந்தன, அவற்றை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் இதுவரை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

உன் அப்பா கோர்ட்டில் ஏலக் குமாஸ்தாவாக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். கடனுக்கு ஜப்தி செய்த சாமான்களைக் குறித்து வைத்து, ஏலம் விடும் நாளில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது அவர் வேலை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், "இன்னைக்கு எச்சிப் படிக்கத்தோட சேத்து ஒரு அர்ச்சியசிஷ்டவரை ஏலம் விட்டுட்டேன்டி" என்றார். காலும் தண்டும் வைத்து, மேலே சூரியக் கதிர் போல் சுற்றிலும் வெட்டி, நடுவில் வட்டக் கண்ணாடி பதித்த பித்தளைச் சாமான். வந்திருந்தவர்கள் அதை முகம் பார்க்கும் கண்ணாடி என்று நினைத்தார்களாம். கையில் தூக்கிக் காட்டும்போதுதான் கண்ணாடிக்குள் சிவப்புப் பட்டும், அதன்மேல் நூலால் கட்டிய ஒரு துணுக்கும், பெயர் எழுதிய காகிதத் துண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறார். கோர்ட்டு ஆள் ஏலம் கேட்கக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு விட்டுவிட்டார். எடுத்தவர் வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அடுத்த வாரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அதை அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தார்.

"பொட்டு வைக்கிற கண்ணாடின்னு வாங்கிட்டு வந்தாருக்கா. மூஞ்சியே தெரிய மாட்டேங்குது. உள்ள என்னமோ பல்லுக்குச்சி மாதிரி ஒடஞ்சு கெடக்கு" என்றார் அவர்.

"அதை எனக்குக் குடுக்குறீங்களா?"

"எம்புட்டுக் குடுப்பீங்க?"

"பித்தளை என்ன எடை இருக்கோ அதுக்கு உண்டானது."

அவர் சிரித்துக்கொண்டே தராசை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பல்லுக்குச்சிதான் அர்ச். செபஸ்தியாருடைய எலும்பின் துணுக்கு. பேரம் பேசாமல் எடைக்கு வாங்கினது சிக்கனத்துக்காக இல்லை. அர்ச்சியசிஷ்டவர்களின் எலும்பையோ உடையின் துணுக்கையோ விற்கவும் வாங்கவும் திருச்சபை ஒத்துக்கொள்வதில்லை. அதைப் பதித்திருக்கும் கூட்டுக்கு மட்டும் விலை கொடுக்கலாம். வீட்டுக் கணக்கில் அன்றைக்குப் "பித்தளை" என்றுதான் எழுதினேன். எவனாவது "இது பெரிய அர்ச்சியசிஷ்டவர் ஐயா, விலை கூடுதல்" என்று சொல்லி உன்னிடம் ஒன்றை நீட்டினால் அங்கேயே எழுந்துவிடு. பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறவன் நாளைக்கு ஆட்டெலும்பையும் பட்டில் கட்டுவான்.

அதற்குப்பின் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. ரங்கூனுக்குக் குடிபோன ஒரு குடும்பம், கப்பலில் தொலைந்துவிடும் என்று பயந்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. பசுமலையில் ஒரு வாத்தியாருடைய விதவை, அவர்கள் புராட்டஸ்டண்டு வேதத்தில் அருளிக்கமெல்லாம் கிடையாது, மேஜை இழுப்பறையில் குண்டூசி போட்டு வைத்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து காட்டி, "எங்க மாமனாரு எங்கேயோ வாங்கியது அக்கா. எங்களுக்கு இது ஆகாது. தூக்கிப் போடவும் கை வரலை. உங்க ஆளுங்கதானே, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார். குண்டூசிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் படித்தவள் இல்லை. தமிழ் எழுத்தை ஜெபப் புத்தகத்திலும், மளிகை சுற்றி வந்த பத்திரிகைக் காகிதத்திலும் கற்றுக்கொண்டேன். இவற்றிலிருக்கும் பெயர்களை வாசிப்பதற்காக லத்தீன் எழுத்தையும் சாமியாரிடம் கேட்டுக் கேட்டு எழுத்துக்கூட்டிக்கொண்டேன். தெரிந்த பெயரைக் காகிதத்தில் கண்டுபிடிக்கும்போது தெருவில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு அருளிக்கம் கைக்கு வந்தால் முதலில் முகத்தைப் பார்க்காதே. பட்டும் ஜரிகையும் கண்ணைக் கவரும். திருப்பிப் பின்பக்கத்தைப் பார். பட்டு நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்க வேண்டும். நூலின் முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு வைத்து, அதில் ஒரு மேற்றிராணியாரின் முத்திரை பதிந்திருக்க வேண்டும். நூல் அறுந்தோ அரக்கு உடைந்தோ இருந்தால், உள்ளே இருப்பதை யாரோ எடுத்திருக்கலாம், மாற்றியிருக்கலாம். கூடவே ஒரு அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பார்கள். நம் ஊரில் பத்திரத்தைக் கரையான் விட்டுவைப்பதில்லை. செபஸ்தியாருக்கும் பத்திரம் கிடையாது. அவருக்கு அத்தாட்சி அந்த முத்திரை மட்டும்தான். வைப்பதற்கு வடக்குச் சுவரை ஒட்டிய கீழ்த்தட்டுதான் நல்லது. சித்திரை வெயிலில் மேல்தட்டில் வைத்தால் அரக்கு இளகிப் படிந்துபோகும். பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றாதே. துடைப்பதானால் காய்ந்த துணி, அதுவும் முன்பக்கம் மட்டும். இதையெல்லாம் நம்மோடு இருக்கும் உன் அத்தைக்கும் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

உன் நிச்சயத்தன்று நடந்ததை நினைத்துப் பார். தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உன் மாமனார் சவரிமுத்து அண்ணன் தங்கள் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோச்சடைக்கு மேற்கே அவ்வளவு சின்ன ஊரில், காலரா வந்த வருஷம் வீட்டுக்கு வீடு அடக்கம் செய்ததையும், செபஸ்தியாருக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டதையும், ஆளுக்கு ஒரு வண்டி கல் அடித்து இப்போதுதான் சுவர் எழும்பியிருப்பதையும் சொன்னார். நீ இலையிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, எங்க வீட்டுச் செபஸ்தியாரு உங்க கோயிலுக்குத்தான். தை மாசம் அவரு திருநாளுக்குப் பீடத்துல இருப்பாரு" என்றாய். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கூட நின்றுவிட்டார்கள். அவர் எச்சில் கையோடு உன்னைக் கும்பிட்டார். என்னை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

மார்கழியில் நடந்ததை அப்போதே சுருக்கமாக எழுதினேன். முழுசாகத் தெரிந்துகொள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நான் கடைக்குப் போயிருந்தேன். உன் அத்தை, நம் வீட்டிலிருந்த குத்துவிளக்கு, குடம், செம்பு எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது வெயிலில் காயவைத்த வரிசையில் செபஸ்தியாரும் நின்றார். புதுப் பவுன் மாதிரி மின்னிக்கொண்டு நின்றார்.

"புதுக் கோயிலுக்குப் போறவரு, இம்புட்டுக் களிம்போடவா போவாரு மதினி? புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சுட்டேன். கண்ணாடிக்குள்ள ஒரு சொட்டு தண்ணி போகலை, பாருங்க" என்றாள்.

நான் திருப்பிப் பார்த்தேன். "பின்னால இருந்தது எங்க தாயி?"

"அந்தச் செவப்பு அழுக்கா? யாரோ அரக்கைக் கொட்டி அப்பிடியே விட்டுருந்தாக. புளிக்கு அசையலை மதினி, அருவாமணை முனையால சொரண்டித்தான் எடுத்தேன். கையெல்லாம் வலி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கிணற்றடிச் சகதியில் உட்கார்ந்து அரக்குத் தூளைப் பொறுக்க ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் நற்கருணை நன்மை வாங்கப் போகமாட்டேன் என்று அழுதவளை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லித் தீர்க்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. திருநாள் கழிந்து நானே அருளிக்கத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, மறுபடியும் நூலைக் கட்டி அரக்கு வச்சுக்கலாமா?"

"வைக்கலாம்மா. அதுல பதியிறது யாரு முத்திரை? உன்னுதா, என்னுதா? உள்ள இருக்கிறது இன்னாருதான்னு நம்ம ரெண்டு பேர்ல யாரு பாத்தோம்?"

வீட்டில் வைத்து ஜெபம் பண்ணலாம், பீடத்தில் வைத்து ஜனங்களை உதடு வைத்து முத்தி செய்யச் சொல்லக் கூடாது என்றார். மேற்றிராணியாருக்கு எழுதி விசாரிக்கச் சொல்லலாம், அதற்கு நாளாகும், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ரோமாபுரியிலிருந்து வேறு வரவழைக்கலாம் என்றால் யுத்தத்தில் தபாலே போவதில்லை. தைத் திருநாளுக்குள் வழி எதுவும் கிடையாது என்பது தெளிவாயிற்று. அதையும் உனக்கு எழுதினேன். அதற்குப் பதிலாகத்தான் உன் பார்சல் வந்திருக்கிறது.

"உள்ளே இருப்பது உண்மைதானே அம்மா, வெளியே கொஞ்சம் அரக்கு வைத்தால் என்ன பாவம்" என்று கேட்டிருக்கிறாய். நானும் இதை யோசிக்காமல் இல்லை. இன்றைக்கு நம்மிடம் இருப்பது அத்தாட்சி போன அருளிக்கம். அதைப் பார்த்து யாரும் ஏமாறப் போவதில்லை, ஏனென்றால் அது தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் முத்திரையைப் பதித்த நிமிஷத்திலிருந்து அது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அந்த ஊர் ஜனங்கள், காலராவில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், வரிசையில் வந்து அந்தப் பொய்யை முத்தி செய்வார்கள். நம் அலமாரியிலிருக்கும் மற்றவைகளின் கதியையும் நினைத்துக்கொள். ஒரு முத்திரையை நாமே வெட்டினோம் என்று தெரிந்தால், மீதி முத்திரைகளை யார் நம்புவார்கள்? நானே நம்புவேனா? சேர்க்கிறவர்களுக்கு இந்த ஆசை வரும். அறுந்த நூலைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அறுந்ததை அறுந்தபடி வைத்திருக்க முடியாதவன் இந்தச் சாமான்களைத் தொடக் கூடாது. உனக்குப் பிரியமில்லை என்றால் சொல், எல்லாவற்றையும் சாமியார் பங்களாவில் ஒப்படைத்துவிடுகிறேன். எனக்கு வருத்தம் இராது.

இவ்வளவும் எழுதி நேற்றே தபாலில் போட்டிருப்பேன். அதற்குள் உன் மாமனார் வந்துவிட்டார். தோளில் ஒரு கட்டுக் கரும்பும், மடியில் ஒரு முழக்கயிறுமாக வந்தார்.

"நம்ம ஆளைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் தங்கச்சி. அளவும் எடுக்கணும். பீடத்துக்கு மேல அவருக்குன்னு ஒரு மாடம் வைக்கிறோம். தலை இடிச்சிட்டா நாளைக்குக் கோவிச்சுக்குவாருல்ல" என்று சிரித்தார்.

அலமாரியைத் திறந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முழந்தாளிட்டார். கண்ணாடியை முத்தி செய்தார். பிறகு கயிற்றைப் பிடித்து உயரத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டார். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அவர் அப்படியே போயிருப்பார். நான்தான் எடுத்துத் திருப்பினேன்.

"அண்ணே, பின்பக்கத்தையும் பாருங்க."

"என்ன தங்கச்சி? ஒண்ணும் இல்லையே, சுத்தமாத்தான் இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். இந்த எடத்துல மேற்றிராணியார் முத்திரை இருந்துச்சு. மார்கழியில தேச்சுக் கழுவும்போது போயிருச்சு. அது இல்லாம பீடத்துல வைக்கக் கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு."

அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்தாள். "தப்பு என் மேலதான். நான்தான் புளியப் போட்டுத் தேச்சேன். என்னை என்ன வேணாலும் பேசுங்க."

"நீ அழுக்குன்னு நெனச்சுத் தேச்ச தாயி. அதுக்கு உன்னை யாரு என்ன பேசப் போறா" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப உள்ள இருக்கிறது அவருதானா, இல்லையா?"

"அவருதான்னு நான் நம்புறேன் அண்ணே. ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"கிறிஸ்துமஸ் கழிஞ்சதுல இருந்து."

அவர் கயிற்றிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "போன ஞாயித்துக்கிழமை, மொதக் கல்யாண ஓலை வாசிச்ச அன்னைக்கு, மாப்ள எங்க ஊருக்கு வந்தாரு தங்கச்சி. மாடத்தை இன்னும் ரெண்டு வெரக்கடை ஒசத்துங்க மாமா, அப்பத்தான் கடைசியில நிக்கிறவகளுக்கும் தெரியும்னாரு. நான் கட்டுனதை இடிச்சுட்டு ஒசத்திக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

மகனே, இதை நீ எனக்கு எழுதவில்லை. கோயிலில் உங்கள் இருவர் பெயரையும் சாமியார் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்ட அன்றே, அந்த மனிதர் கட்டிய சுவரை இடித்து ஏற்றிக் கட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். வாய் தவறி வாக்குக் கொடுத்தது வேறு. அது சந்தோஷத்தில் வந்தது, அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முத்திரை போனது யாருடைய குற்றமும் இல்லை. இது மட்டும் நீயே யோசித்து, தெரிந்தே செய்தது.

மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதுக்காகப் பொண்ணு குடுக்கலை தங்கச்சி. மாடம் காலியா இருந்தா ஊருல நாலு பேரு சிரிப்பான், சிரிச்சிட்டுப் போறான். அவரு சுரூபச் சிலையை வச்சுக்குவோம். ஆனா இதை மாப்ள வாயால நான் கேக்கணும். மூணாவது ஓலை வாசிக்க முந்தி வரச் சொல்லுங்க. வரலைன்னா ஓலையை நிறுத்துங்கன்னு நானே போயிச் சாமியார்கிட்டச் சொல்லிருவேன். எம்மக அழுதாலும் சரி."

பார்சலைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. அது அலமாரிக்கு மேல்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. முத்திரை போனதை மட்டும் சொல்லிவிட்டு, முத்திரை வெட்டியதை மறைத்தால் அரை உண்மைதான் ஆகும். ஆரோக்கியம் அழுவாள் என்று நினைத்தால் எனக்கும் பொறுக்கவில்லை. உன்னை நினைத்தே அவள் தன் துணிகளில் உன் பெயரைத் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் அம்மா முன்பொருநாள் வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். இருந்தாலும் அவள் அப்பா கேட்டது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் மோரைத் தொட்டே இருக்க மாட்டேன்.

இரண்டாவது ஓலை வரும் ஞாயிறு. அதற்கு முந்தின நாளே லீவு சொல்லிவிட்டு ரயிலேறு. முதலில் வீட்டுக்கு வராதே. இங்கே வந்தால் அத்தை அழுவாள், நான் புத்தி சொல்வேன், உனக்கு ஆறுதலாகிவிடும், பொழுதும் போய்விடும். ஸ்டேஷனிலிருந்து நேரே ஜட்கா பிடித்துக் கோச்சடைக்குப் போ, அங்கிருந்து நடந்து போ. அவர் கோயில் வேலையில்தான் இருப்பார். மற்றவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியே கூப்பிடலாம், அவர் மறுக்க மாட்டார். சுற்றி வளைக்காமல் சொல். ஏன் மறைத்தாய் என்று கேட்டால், வெட்கத்தினால் என்று சொல். அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? அவர் திட்டினால் நின்று கேள். பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், நீயும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கல் எடுத்துக் கொடு. மத்தியானம் சாப்பிட வா என்று கூப்பிட்டால், பழைய சோறாக இருந்தாலும் ஒரு வார்த்தை மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடு. அன்றைக்கு இங்கே வர வேண்டாம், நாங்கள் புரிந்துகொள்வோம். கூப்பிடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் நடந்து வீட்டுக்கு வந்துவிடு. அத்தையிடம் உனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா